தமிழ் பேசுகிற வெளிநாடு

வெளிநாட்டுக்குக் குடிபோன அனுபவம் என்றதும் லண்டன், நியூயார்க், சிங்கப்பூர் என்றுதான் சகோதரிகள் நினைத்துக்கொள்வீர்கள். பனி, கம்பளிக் கோட்டு, மாவு அரைக்க மெஷின் கிடைக்காத கஷ்டம் எல்லாம் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் குடிபோன வெளிநாடு கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் வரலாம். மீஞ்சூர் தாண்டி, பொன்னேரி தாண்டி, கவரைப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன். சிரிக்காதீர்கள்! பாஸ்போர்ட்டும் இல்லாமல் விசாவும் இல்லாமல், கையில் 10 மாதக் குழந்தையோடு வந்து இறங்கின எனக்கு அது வெளிநாடுதான். அரசாங்கப் பதிவேட்டில் இன்றைக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது இலங்கையில் திருகோணமலை. 1990 ஜூன் மாதம் அங்கே மறுபடி சண்டை மூண்டது. காட்டு வழியாக நடந்து, மடு மாதா கோயில் வளவில் பல நாள் கிடந்து, மன்னார்க் கரையில் படகேறி, ஓர் இரவில் ராமேஸ்வரம் பக்கம் மணலில் இறங்கினோம். அந்தப் பயணத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளை அழுதால் படகு முழுக்க ஆபத்து என்று வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு அதை எழுத இன்னும் கை வராது.

முதலில் மண்டபம் முகாம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளை இலங்கைக்கு அனுப்புமுன் அடைத்துவைத்துச் சோதித்த இடம். ஒரு நூற்றாண்டுக்கு முன் போனவர்கள் கடைசியாகப் பார்த்த இடத்தில் நாங்கள் முதலாவதாக வந்து நின்றோம். பெயர் எழுதி, போட்டோ எடுத்து, பிறகு வடக்கே அனுப்பினார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு மத்தியானம் கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்தோம். நாங்கள் நாலு பேர். இவர், 5 வயது மூத்தவன், சின்னவள், நான்.

நீளமான ஒரு கொட்டகையில் இடம் கிடைத்தது. குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சேலைதான் சுவர். என் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டின வாயில் சேலையை நான் சுவராக்கினேன். அந்தப் பக்கம் மன்னார்க் குடும்பம், இந்தப் பக்கம் வவுனியாக் குடும்பம். இரவில் யார் இருமினாலும் அத்தனை பேரும் விழித்துக்கொள்வோம். கொஞ்ச தூரத்தில் சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்கும் வாடை காற்றில் வரும். ஷிப்ட் மாறும் சங்கு ஊதும்போதெல்லாம் மூத்தவன் ஓடிவந்து என் மடிக்குள் புகுந்துவிடுவான். அங்கே சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். இங்கே அது சோற்று நேரம் என்று புரியவைக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

ஆனால் நான் பயந்திருந்த ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதி என்று நினைத்தேன். பாஷை! தமிழ்நாட்டுக்குத்தானே வந்திருக்கிறோம், வாய் திறந்தால் புரிந்துவிடும் என்றிருந்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

முதல் நாளே பிள்ளைகளுக்குப் பசி. கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடையில், "அண்ணை, பாண் இருக்கோ?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் பாண் என்றால் ரொட்டி. போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்வீட்டா, சாதாவா?" என்றார். குழந்தைகளுக்குத்தானே, ஸ்வீட் என்றேன். பாக்கும் குல்கந்துமாக ஒரு பீடாவை மடித்துக் கையில் வைத்தார்! இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சவர்க்காரம் கேட்டால் தமிழ் டீச்சரா என்றார்கள். நாங்கள் சோப்பை அப்படித்தான் சொல்வோம். எலுமிச்சை எங்களுக்குத் தேசிக்காய், பூண்டு உள்ளி, சோம்பு பெருஞ்சீரகம். நாற்காலி கதிரை, சமையலறை குசினி. பேசுவதைக் 'கதைப்பது' என்போம். "கொஞ்சம் கதைக்கலாமோ" என்று பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கேட்டேன். "எனக்குக் கதையெல்லாம் தெரியாதுக்கா" என்று ஓடிப்போனாள். இதற்கு நடுவில் பாதிக் கடைகளில் தெலுங்கு வேறு. ஆந்திர எல்லை கைக்கெட்டும் தூரம். சிங்களம் கேட்டுப் பழகின காது எனக்கு, தெலுங்கு புதுசு. ஆனால் ஒன்று சொல்கிறேன், தெலுங்கு எனக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். தமிழ் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் ஆபத்து.

முகாம் வாசலுக்குக் காலையில் ஒரு கிழவி கீரை கொண்டுவருவார். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம். முதல் ரயிலில் கூடையோடு வந்து, விற்றுவிட்டுத் திரும்புவார். "இன்னாம்மே, சிறுகீரை வோணுமா, முளைக்கீரை வோணுமா?" என்பார். நான் "ஓம்" என்றேன். எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம். "இன்னாத்துக்கு ஓம் ஓம்ங்கிற, நீ இன்னா சாமியாரா?" என்று கேட்டாரே பார்க்கணும்! தன்னை 'ஆயா' என்று கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் ஆயா என்றால் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்காரப் பெண். பெரியவரை அப்படி அழைப்பதா? "ஆச்சி" என்றேன். "நான் இன்னா செட்டியார் வூட்டு அம்மாவா?" என்று அதற்கும் சிரித்தார். இந்தப் பக்கத்தில் பாட்டிக்கே ஆயா என்றுதான் பெயர் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வந்த அஞ்சாம் நாள் விடியற்காலை சின்னவளுக்கு வயிற்றோட்டம் ஆரம்பித்தது.

புது இடம், புதுத் தண்ணீர், அத்தனை பேருக்கு ஒரே பம்பு. கொதிக்கவைக்க விறகு கொஞ்சம்தான் இருந்தது. அரிசி கிலோ 57 பைசாவுக்குக் கொடுத்தார்கள், அதில் குறையில்லை. விறகுக்குத்தான் திண்டாட்டம். அரிசியை வேகவைத்த மிச்சத் தணலில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சூடாக்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவந்தேன். சூடானது, ஆனால் கொதிக்கவில்லை. தளதளவென்று கொதிக்கவேண்டும் என்பதை அந்த அவசரத்தில் பார்க்காமல் விட்டது என் தப்பு.

எட்டு மணிக்குள் ஆறு தரம் போய்விட்டது. எங்கள் ஊரில் இதற்கு 'ஜீவனி' என்று ஒரு பொட்டலம். மருந்துக்கடையில் ஜீவனி கேட்டேன், அப்படி ஒன்று இல்லை என்றார்கள். இருந்தது! இங்கே அதற்குப் பெயர் ஓ.ஆர்.எஸ். அதே உப்பு, அதே சர்க்கரை. பெயர் தெரியாததால் கண்ணெதிரே இருந்த மருந்தை வாங்காமல் திரும்பிவந்தேன். இவர் அன்று பெயிண்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விடியற்காலையே போய்விட்டார். வாசலில் ஆயா கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்தார். "பொன்னேரியில ஆஸ்பத்திரி கீது, வா என் கூட" என்றார். மூத்தவனை மன்னார்க்காரியிடம் விட்டுவிட்டு, வாசல் நோட்டில் பெயர் எழுதிவிட்டு ரயில் ஏறினேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் வேண்டாம். நடந்ததில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை. ஆயா மிச்சக் கீரையை வெளியே விற்க உட்கார்ந்தார். நான் உள்ளே போய், சீட்டு எழுதும் பெண்ணிடம், "தங்கச்சி, பிள்ளைக்குச் சரியான வருத்தம்" என்றேன்.

சகோதரிகளே, எங்கள் தமிழில் வருத்தம் என்றால் நோய். சரியான வருத்தம் என்றால் கடுமையான நோய். அந்தப் பெண் நல்ல பெண். என் கோலத்தையும் கண்ணையும் பார்த்தாள். "வருத்தப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாப் போயிடும். அப்படி பெஞ்சில உக்காருங்க" என்று அன்பாகச் சொன்னாள். நானும் டாக்டரைக் கூப்பிடத்தான் சொல்கிறாள் என்று நம்பி உட்கார்ந்தேன். அரை மணி ஆயிற்று. எனக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போகிறார்கள். மறுபடி போய்க் கேட்கக் கூச்சம். அகதி, ஓசிக்கு வந்தவள், அதட்டிக் கேட்கலாமா என்று ஒரு தயக்கம். பிள்ளை அழுதாள். கண்ணீர் வரவில்லை. பிறகு அழுகையும் நின்றது. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஆயா கூடையோடு உள்ளே வந்தார். பிள்ளையின் தலையில் கை வைத்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிவிட்டார். கிள்ளின தோல் உடனே படியாமல் மடிப்பாகவே நின்றது.

"அடிப்பாவி, உச்சி குழிஞ்சு பூட்ச்சே! பேதி ஆவுது புள்ளைக்கு, இங்க குந்திக்கினு கீறியே!" என்று அவர் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தார்.

அதன் பிறகு எல்லாம் வேகம்தான். "எத்தனை வாட்டி மோஷன் போச்சு?" என்றார் நர்ஸ். எனக்கு வாட்டியும் விளங்கவில்லை, மோஷனும் விளங்கவில்லை. "ஒண்ணுக்குப் போச்சா?" என்றார். எதில் ஒன்று என்று முழித்தேன். ஆயாதான் எனக்கு மொழிபெயர்த்தார், தமிழிலிருந்து தமிழுக்கு! எட்டுத் தரம் போனது, விடிந்ததிலிருந்து சிறுநீர் இல்லை என்று சொன்னதும் நர்ஸ் முகம் மாறிற்று. ஒரு லிட்டர் ஆறின வெந்நீரில் பொட்டலத்தைக் கலந்து, ஸ்பூனைக் கையில் கொடுத்தார். "ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி குடு. நடுவில தாய்ப்பால் குடு. நிறுத்தாதே" என்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதிலேயே தேறாவிட்டால் ஊசி வழியாக ஏற்றலாம் என்றார். மத்தியானம் இரண்டு மணி வரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். மூன்று மணிக்கு என் மடி நனைந்தது. ஈரச் சேலையோடு நான் அழுததைப் பார்த்து, சீட்டு எழுதும் பெண் எழுந்து வந்து, "வருத்தப்படாதீங்கக்கா" என்றாள் மறுபடியும்!

இந்த ஸ்பூன் வைத்தியத்தைப் பற்றிப் பல வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அது பெயர் வாங்கியதே ஓர் அகதி முகாமில்தான். 1971-ல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காளம் போங்காவ்ன் முகாமில் காலரா. நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கலந்து டிரம்மில் வைத்து, தாய்மார் கையாலேயே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்றாம். அவர் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அவருக்கு என் மகள் சார்பில் ஒரு கும்பிடு.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்குச் சொல்கிறேன். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் தலை தட்டின டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. அளவு முக்கியம். உப்பு கூடினால் கெடுதல். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தரம் போன பிறகும் அரை டம்ளர் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். இப்போது கூடவே துத்தநாக மாத்திரை, அதுதான் ஜிங்க், 14 நாள் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்ததென்றால் 10. டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். உச்சி குழிந்தால், கண் உள்ளே போனால், மலத்தில் ரத்தம் கண்டால், பிள்ளை குடிக்காமல் துவண்டால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. என்னைப் போல பெஞ்சில் கூச்சத்தோடு உட்காரவும் கூடாது, சத்தம் போடுங்கள்!

ஆயாவே மறுநாள் "தொக்கம் எடுத்துடலாமா?" என்று கேட்டார். வயிற்றில் சிக்கினதை வாயால் ஊதி உறிஞ்சி எடுப்பார்களாம். பிள்ளையைக் காப்பாற்றின வாய்தான் இதையும் சொன்னது. நான் வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம். இரண்டு நாள் கீரை கொண்டுவரவில்லை.

மறுவாரம் தடுப்பூசிக்குப் போனோம். கிளினிக் கார்டு எங்கோ காட்டு வழியில் விழுந்துபோயிற்று. நர்ஸ் பிள்ளையின் இடது தோளைத் தடவிப் பார்த்தார். தழும்பு இருந்தது. "பி.சி.ஜி. போட்டாச்சு" என்று எழுதிக்கொண்டார். ஒன்பதாம் மாத அம்மை ஊசி சண்டைக் குழப்பத்தில் போட்டேனா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை. இன்னொரு தரம் போட்டாலும் கெடுதல் இல்லை என்று போட்டுவிட்டார். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் நகையைப் பிறகு பாருங்கள், அந்தக் கார்டை முதலில் எடுத்து வையுங்கள்.

ஆயா மூன்றாம் நாள் வந்தார், கையில் தூக்கு. அன்று ஆடி ஞாயிறு. அவர்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்களாம். ஆடிக்கூழ் என்றதும் எனக்கு நாக்கில் நீர் ஊறிற்று! எங்கள் ஊரிலும் ஆடி முதல் தேதி கூழ் உண்டு. அந்த வருஷம் ஆடிப் பிறப்பன்று நாங்கள் எந்தத் திசையில் நடந்துகொண்டிருந்தோம் என்றே தெரியாது. ஆசையாக ஒரு வாய் குடித்தேன். புளிப்பு! கேழ்வரகும் நொய்யும், உப்பு, மோர், வெங்காயம், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. என் முகம் போன போக்கைப் பார்த்து ஆயா, "இன்னாம்மே, புடிக்கலியா?" என்றார். எங்கள் கூழ் இனிப்பு என்றேன். "கூழு இனிக்குமா? அது பாயசம்டி" என்றார். அன்று பிடித்த வாக்குவாதம் பத்தொன்பது வருஷம் ஓயவில்லை.

மறு வருஷம் ஆடியில் செய்து கொடுத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு டம்ளர் வறுத்த பச்சரிசி மாவில் பாதியை எடுத்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து சின்னச் சின்ன வட்டமாகத் தட்டிக்கொள்ளுங்கள். ஒரு தேங்காய் உடைத்துத் துருவி முதல் பாலைத் தனியே எடுத்துவைத்து, இரண்டாம், மூன்றாம் பாலில் கால் டம்ளர் வறுத்த பயத்தம்பருப்பை வேகவையுங்கள். பருப்பு மலர்ந்ததும் வட்டங்களைப் போட்டு வேகவிட்டு, 200 கிராம் பனைவெல்லம் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். மிச்ச மாவை முதல் பாலில் கட்டி இல்லாமல் கரைத்துச் சேர்த்துக் கைவிடாமல் கிளறுங்கள். கடைசியில் ஏலம், சிட்டிகை மிளகு சீரகப் பொடி, கல் உப்பு இரண்டு, பல்லுப் பல்லாக நறுக்கின தேங்காய். அங்கே பலா இலைத் தொன்னையில் குடிப்போம். இங்கே எவர்சில்வர் டம்ளர்தான். ஆயா மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "பாயசம் நல்லாத்தான் கீது" என்றார். கூழ் என்று மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை!

மெல்ல மெல்ல ஊர் பிடிபட்டது. பிறகு வரிசை வரிசையாகப் பத்துக்குப் பத்தடி வீடுகள் வந்தன. இவருக்குப் பெயிண்டிங் வேலை நிலைத்தது. நான் வாரம் ஒரு நாள் பொன்னேரிச் சந்தைக்குப் போனேன். பழவேற்காட்டு மீன் அங்கே வரும். கணவாய் கேட்டால் முழிப்பார்கள், கடம்பா என்று கேட்கவேண்டும். மீன்காரிகள் என்னைப் பார்த்தாலே, "கணவாய்க்கா வந்தாச்சு" என்பார்கள். 1991 சித்திரையில் ஆயா என்னைத் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். பொன்னேரியில் அகத்தீஸ்வரர் சிவன், கரிகிருஷ்ணப் பெருமாள் விஷ்ணு. இரண்டு சுவாமியும் ஊர்வலமாக வந்து வீதியில் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றபோது, கோணேசர் கோயில் தேர் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. ஆனால் முதல் தடவையாக, அதைத் திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றாமல் இதை முழுக்கப் பார்க்கவேண்டும் என்று தோன்றிற்று.

அடுத்த மாதமே, மே 21-ம் தேதி, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அதன் பிறகு எங்கள் வாயைத் திறக்கவே பயம். ரயிலில் ஓம் என்று சொல்லாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொள்வேன். மூத்தவன் பள்ளிக்கூடத்தில் 'கதை' போய்ப் 'பேச்சு' வந்தது அந்தக் கோடையில்தான். முகாமில் கெடுபிடி. கீரைக்காரர்கள் சிலர் வரவில்லை. ஆயா வந்தார். அன்று விற்கவில்லை, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். ஒன்றும் பேசவில்லை. சாயங்கால ரயிலுக்கு எழுந்து போனார்.

ஒரே ஒரு தடவை பழவேற்காட்டுக்கும் போனேன். பொன்னேரியிலிருந்து பஸ். ஏரியில் செங்கால் நாரையும் பூநாரையும் நிற்கும், பெண்கள் பனையோலையில் கூடை முடைவார்கள். டச்சுக்காரர் கல்லறை என்று ஒன்று இருக்கிறது, வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பம் காவல். கல்லில் பொறித்த எழுத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். எங்கள் ஊர்க் கோட்டையில் பார்த்த அதே ஒல்லாந்தர்! 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டினவர்கள்தான் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். நாங்கள் ஆபீசுக்குச் சொல்லும் 'கந்தோர்' அவர்கள் கொடுத்த சொல். இங்கே அது இல்லை. இரண்டு தேசத்துத் தமிழிலும் ஒன்றுபோல் நிலைத்திருக்கும் அவர்கள் சொல் ஒன்று உண்டு, கக்கூஸ்! இதை ஆயாவிடம் சொன்னேன். "அத்த மட்டுமாவது ஒண்ணா வச்சானே" என்றார்.

1993-ல் எனக்கு மூன்றாவது பிள்ளை, பொன்னேரியில் பிறந்தான். ஆரணியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சு. ஆனால் 1987 ஜூலை ஒன்றாம் தேதிக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை என்று சட்டம். அவனுக்கு நாங்கள் இருவரும் வெளிநாட்டவர், ஆகவே அவனும் வெளிநாட்டவன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய், 2022-ல் சாதகமாகத் தீர்ப்பு வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டதைப் பத்திரிகையில் படித்தேன். என் மகன் பேப்பரை இரண்டு தரம் வாங்கிப் படித்தான். ஏழு வருஷம் முந்திப் பிறந்திருந்தால் என்று அவன் சொல்லவில்லை. நான்தான் விரல் விட்டு எண்ணினேன்.

2021-ல் எங்கள் முகாம்களுக்குப் பெயர் மாற்றினார்கள். அகதிகள் முகாம் இப்போது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். ஆயா இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார். அவர் 2009-ல் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சின்னவளுக்கு இப்போது 35 வயது தாண்டிவிட்டது. ஆறு வயதில் ஒரு பையன். தெருப் பிள்ளைகளோடு விளையாடி அவர்களைப் போலவே பேசுவான். அம்மம்மா என்று கூப்பிடச் சொல்லி எத்தனையோ தரம் பழக்கிப் பார்த்தேன். போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சுருண்டு படுத்திருந்தான். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. பதறிப்போனால் எனக்கு இன்னும் பழைய பேச்சுத்தான் வரும்.

"என்ன ராசா, வருத்தமோ?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "வருத்தம்லாம் இல்ல ஆயா, ஜுரம்தான்" என்றான்.

"ஓம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைக்க எழுந்தேன்.